வெயில் மணி

கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்கும் ஹைஸ்கூலுக்கும் நடுவில் சில பேரிக்காய் மரங்களும் ஒரு முள்வேலியும்தான். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூட மைதானம் முழுவதும் தெரியும். என் வீட்டுக்காரர் அங்கே இங்கிலீஷும் விஞ்ஞானமும் நடத்தினார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவர் என்ன நடத்தினார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எப்படி நடத்தினார் என்று கேட்டால், அது ஹெட்மாஸ்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஹெட்மாஸ்டர் அறைக்கு ஜன்னல் வேறு பக்கம் இருந்தது.

அவரை வேலைக்கு எடுத்தது விஞ்ஞானத்துக்குத்தான். இங்கிலீஷுக்கு வேறொருவர் இருந்தார், சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர். முதல் கார்த்திகைக் குளிரிலேயே அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று சீக்கிரமே தகவல் வந்தது. வாத்தியார் வரவில்லை. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையில் இங்கிலீஷையும் வைத்துவிட்டார்கள்.

இங்கிலீஷ்கூட அவருக்குச் சிரமமாக இல்லை. விஞ்ஞானம்தான் பெரிய பாடாக இருந்தது. ஆய்வுக்கூடம் என்று பலகை மாட்டியிருந்த அறை அதற்கு முன்பு விறகு அடுக்கும் இடமாக இருந்தது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் அதற்குள் யார் நிற்கிறார்கள் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தீக்குச்சி நமத்துப்போய்ப் பற்றாது. புட்டிகளில் இருக்கும் உப்பு வகைகள் எல்லாம் தண்ணீர் விட்டுக் கிடக்கும். எந்தக் காலத்திலும் ஒழுங்காக வேலை செய்தது காந்தம் ஒன்றுதான்.

"எத்தன நாளைக்குத்தான் காந்தத்தையே காட்டுறது? ஆணிக்கே சலிச்சுப் போச்சு" என்று வீட்டில் வந்து சொல்வார்.

அதனால் அவராக ஒரு வழி பண்ணிக்கொண்டார். எந்த மணிக்கு எந்தப் பாடம் என்று ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்ட அட்டவணை சுவரில் தொங்கும். அது பாட்டுக்குத் தொங்கட்டும் என்று விட்டுவிட்டு, மூட்டமாக இருந்தால் இங்கிலீஷ், வெயில் வந்தால் விஞ்ஞானம் என்று வைத்துக்கொண்டார். பள்ளிக்கூட பியூனுக்கும் சொல்லி வைத்திருந்தார். வெயில் தலை காட்டியதும் பியூன் தண்டவாளத் துண்டில் படபடவென்று விடாமல் அடிப்பார். அதற்கு வெயில் மணி என்று பெயர். வாசித்துக்கொண்டிருந்த இங்கிலீஷ் வரி அந்தரத்தில் நிற்க, மொத்த வகுப்பும் மைதானத்துக்கு ஓடும்.

பள்ளங்கி, பூம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக் கொடுக்கவே தேவை இருக்கவில்லை. பூண்டு எடுக்கிற காலத்தில் வெயில் எட்டிப் பார்த்தால் அவர்கள் வீடுகளில் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டுக் காயப்போட ஓடுவார்கள். வெயில் வரும்போது மற்ற சோலி எல்லாம் நிற்கும் என்பது அவர்கள் பிறந்தது முதல் பார்த்தது. பூண்டுக்கு ஓடிய பிள்ளைகள் பாடத்துக்கும் ஓடின.

இதில் ஒரு கோளாறு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வகுப்பில் இங்கிலீஷ் தவிர வேறு ஒன்றும் நடக்காது. ஜன்னல் வழியாக மூட்டம் உள்ளே வரும்போது, வாங்க உட்காருங்க என்று அதற்கும் இங்கிலீஷில் உபசாரம் சொல்வாராம். மூட்டம், தூறல், சாரல், ஈரம், நசநசப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் வார்த்தை தெரியும். காய்ந்த பொருள் எதற்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மாசி, பங்குனி வந்தால் எல்லாம் தலைகீழ். இங்கிலீஷ் புத்தகம் பையில் எந்த மூலையில் கிடக்கிறது என்றே தெரியாது.

மைதானத்துப் பாடத்துக்கு முக்கியமான சாமான் ஒரு பெரிய பூதக்கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் வைத்தால் அதில் பூசணம் பிடித்துவிடுகிறது என்று, என் அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் கொண்டுவந்து வைத்திருந்தார். மிளகாய் வற்றலும் புளியும் கண்ணாடியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வெயில் மணி அடித்ததும் வேலி இடுக்கு வழியாக ஒரு பெண் ஓடிவருவாள். பள்ளங்கியிலிருந்து நடந்து வந்து படிக்கிற பெண். வாய் கொஞ்சம் நீளம். துணியில் சுற்றிய கண்ணாடியை வாங்கிக்கொண்டு, "அக்கா, இன்னைக்கு மொளகா நெடி கம்மி" என்று சொல்லிவிட்டு ஓடுவாள்.

இவ்வளவு கூத்தும் நடந்த அந்த நாளில் அவருடைய வேலை நிரந்தரம் ஆகியிருக்கவில்லை. வருடா வருடம் தற்காலிகம் என்று போட்டுத்தான் உத்தரவு வரும். என் மாமனாருக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. அந்தக் கோடையில் மலைக்கு வந்தவர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"அடுத்த வருச ஆனிக்குள்ள நிரந்தரம் பண்ணாகன்னா இருந்துக்க. இல்லையா, பொட்டியக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் கீழ வந்துருங்க. பி.எஸ்ஸி. படிச்சவன் கல்லாவுல உக்காந்தா பஞ்சாமிர்தம் ஒண்ணும் கெட்டுப் போகாது."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். பழனி வீட்டில் மாமியார், ஓரகத்திகள், நாத்தனார்கள், பூசத்துக்கும் உத்திரத்துக்கும் வந்து இறங்குகிற சொந்தம் எல்லாம் சேர்ந்தால் என் குரல் எனக்கே கேட்காது. நானோ இயல்பிலேயே வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். கொடைக்கானலில் இருந்தது இரண்டே அறைதான். ஆனாலும் இன்றைக்கு ரசமா குழம்பா என்று அங்கே நான்தான் முடிவு செய்தேன். அந்த உரிமையை விட்டுவிட்டுக் கீழே இறங்க எனக்கு மனசே இல்லை. அதை அவரிடம் சொன்னதும் இல்லை. அவர் கேட்டதும் இல்லை.

நிரந்தரம் பண்ணுவது கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது. அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து எழுதுகிற அறிக்கைதான் எல்லாம். ஐப்பசிக் கடைசியில் அவர் வருகிறார் என்று தகவல் வந்தது. இலாகாக்காரர்கள் வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் சாப்பாடு என்பது வழக்கம். பக்கத்து வீடு நாங்கள்தான்.

இன்ஸ்பெக்டர் வரும் அன்றைக்கு வெள்ளனே எழுந்து உளுந்தை ஆட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் புதுசாகத் துவைத்த வேட்டியும் கோட்டும் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"இங்க பாரு, இன்னைக்கு அட்டவணைப்படிதான் பாடம். மொதல்ல இங்கிலீஷ், அடுத்தாப்புல விஞ்ஞானம், உள்ளயே காந்தத்த வச்சு முடிச்சுருவேன். யாரு வந்து கேட்டாலும் கண்ணாடியக் குடுக்காத."

"நீங்களே வந்து கேட்டா?"

"நானே கேட்டாலும் குடுக்காத."

"இன்ஸ்பெக்டர் கேட்டா?"

"அவரு எதுக்கு ஒன்கிட்ட வாராரு? நீ வடையக் கவனி."

பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளை நிறுத்தி வைத்து இதையே சொல்லியிருக்கிறார். இன்றைக்கு வெயில் வந்தாலும் சரி, வானமே இடிந்து விழுந்தாலும் சரி, எழுந்திருக்கக் கூடாது என்று. பிள்ளைகளும் சரி சார் என்றிருக்கிறார்கள். அது காதில் விழாதவர் பியூன் ஒருவர்தான். இன்ஸ்பெக்டருடைய படுக்கையைத் தூக்கிவர அவரை விடியும்போதே பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த பிறகு அவரிடம் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வகுப்பில் நடந்ததை அன்று சாயங்காலம் பள்ளங்கிப் பெண் எனக்கு நடித்தே காட்டினாள். குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர், கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தாராம். இங்கிலீஷ் வாசிப்பு நன்றாகவே போயிருக்கிறது. வெளியே எப்படி இருக்கிறது என்று அவர் பொதுவாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். மூட்டத்தைப் பற்றி நம் பிள்ளைகளிடம் கேட்டால் விடுவார்களா? ஒருத்தி அடர்த்தியாக இருக்கிறது என்றாளாம், ஒருத்தன் மெல்லக் கலைகிறது என்றானாம், கடைசி பெஞ்சுக்காரன் எழுந்து அது எந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வருகிறது என்பது வரைக்கும் இங்கிலீஷிலேயே சொன்னானாம். இன்ஸ்பெக்டர் கையை வெளியே எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வெயில் வந்தது. ஜன்னல் வழியாக வந்து நேராக மூன்றாவது பெஞ்சின் மேல் விழுந்தது. ஒருத்தரும் அசையவில்லை. கழுத்துகள் மட்டும் திரும்பின. உடனே படபடவென்று மணி. பியூன் தன் கடமையைச் செய்துவிட்டார்.

"அப்பயும் நாங்க அசையல அக்கா. சார் சொன்ன சொல்லு மாறக் கூடாதுன்னு பெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருந்தோம்."

"பெறகு ஓடுனது யாரு?"

"சாருதான்."

கையிலிருந்த சாக்பீஸைப் போட்டுவிட்டு வாத்தியார் முதல் ஆளாக வெளியே போய்விட்டார். கால் பழகிய பழக்கம்.

"படி எறங்குன பெறகுதான் அவுகளுக்கு ஞாபகம் வந்துச்சு. நின்னு திரும்பிப் பாத்தாக. சாரே போயிட்டாகளேன்னு நாங்க அதுக்குள்ள பின்னாலயே வந்துட்டோம். இனி எங்கிட்டுப் போறது, எங்களத் தாண்டித்தான உள்ள போகணும்?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலி இடுக்கில் அவள் மூச்சிரைக்க வந்து நின்றதுதான்.

"அக்கா, கண்ணாடி. வெரசா."

"இன்னைக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாகளே."

"யாரு சொன்னா?"

"ஒங்க சாரு."

"அவுகதான் வெளிய நிக்காக, பாருங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மைதானத்து நடுவில், கோட்டும் தானுமாக, ஒரு கையை நெற்றிக்கு மேலே வைத்துச் சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிரந்தர உத்தரவு மேகத்துக்குள் போவதைப் பார்க்கிற முகம். இதற்கு மேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று, எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். வடை ஒரு பக்கம் கருகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். பின்னாலேயே ஹெட்மாஸ்டர், கையைப் பிசைந்தபடி ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார். அதெல்லாம் இன்ஸ்பெக்டர் காதில் ஏறிய மாதிரி தெரியவில்லை. வெயில் மேலே பட்டதும் மனிதர் அப்படியே நின்றுவிட்டார். குரங்குக் குல்லாவைக் கழற்றினார். மப்ளரை அவிழ்த்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவருக்கு உடம்பில் சூடு என்று ஒன்று ஏறியதே அப்போதுதான் போலிருக்கிறது.

அதற்குள் பிள்ளைகள் பழைய பத்திரிகைத் தாளில் வெளிச்சத்தைக் குவித்துப் புகையவிட்டார்கள். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பிறகு கையை நீட்டினார், தனக்கும் ஒரு தடவை வேண்டும் என்று.

கண்ணாடியைப் பிடிக்கிற பக்குவம் அவருக்கு வரவில்லை. வெளிச்சம் அப்பளம் மாதிரி விரிந்து விழுந்தது. பள்ளங்கிப் பெண் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் அதட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் மேலே தூக்குங்கள், இவ்வளவு வேண்டாம், கை ஆடுகிறது, பொறுமை வேண்டும் என்றெல்லாம் சொன்னதாகப் பிறகு எனக்கு அர்த்தம் சொன்னாள். என் வீட்டுக்காரர் தினமும் அவளைச் சொல்கிற வார்த்தைகள்தான் அவை. ஒருவழியாக வெளிச்சம் மிளகளவு சுருங்கியது. தாளில் பழுப்பு ஏறப்போகிற நேரத்தில் மூட்டம் வந்து சூரியனை மூடிவிட்டது.

"சார், அடுத்தாப்புல கணக்கு வகுப்பு காத்துக்கிட்டிருக்கு" என்றார் ஹெட்மாஸ்டர்.

"கணக்கு எங்கயும் போயிராதுங்க. திரும்ப வருமில்ல?"

"கணக்கா சார்?"

"வெயிலு."

கண்ணாடியைக் கீழே வைக்காமல் நின்றார். பிள்ளைகளும் கூடவே நின்றார்கள். என் வீட்டுக்காரர் அந்த இடைவெளியிலும் சும்மா இல்லாமல், மூட்டம் வந்துவிட்டதே என்று இங்கிலீஷ் பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார். பிள்ளைகள் புத்தகம் இல்லாமலே அடுத்த வரியைச் சொன்னார்கள். ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். வெயில் திரும்பி வந்தது. இங்கிலீஷ் நின்றது. இந்தத் தடவை தாள் பொத்துக்கொண்டு புகைந்தது. இன்ஸ்பெக்டர் அந்தத் தாளைத் தூக்கி, ஓட்டை வழியாக ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்.

சாப்பாட்டுக்கு மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். கருகாத வடைகளைப் பொறுக்கி இலையில் வைத்தேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். சாம்பார் சாதம் முடிந்தது. பிறகு இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். மைதானத்தில் கேட்ட குரல் போய் இலாகாக் குரல் வந்திருந்தது.

"அட்டவணைப்படி பாடம் நடக்கலன்னு நான் எழுதியாகணும். எழுதுனா இந்த வருசம் உங்கள நிரந்தரம் பண்ண மாட்டாங்க. புரியுதா?"

பழனி வீட்டின் பெரிய அடுப்படி என் கண் முன்னால் வந்து நின்றது. ஏதாவது சாக்குச் சொல்லுங்கள், பியூன் மேலே பழியைப் போடுங்கள் என்று உள்ளே நின்று வேண்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சாமர்த்தியம் எல்லாம் கிடையாது.

"புரியுது சார். தெனமும் அப்பிடித்தான் நடத்துறேன். வெயிலு நம்ம அட்டவணையப் பாத்து வர்றதில்ல."

"பசங்களுக்கு இங்கிலீஷ் எப்படி இவ்வளவு வருது?"

"மூட்டம் நெறைய, சார்."

இன்ஸ்பெக்டர் இலைமேல் குனிந்தார். சிரிப்பை அடக்கினாரா, வடை விக்கியதா என்று கதவிடுக்கில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"ஹெட்மாஸ்டர், இவரோட பாட மணி எல்லாம் எது எது?"

ஹெட்மாஸ்டர் விரல் விட்டுச் சொன்னார்.

"எல்லாத்துலயும் 'இங்கிலீஷ் அல்லது விஞ்ஞானம்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் பஸ் ஏறுறதுக்குள்ள அது செவுத்துல இருக்கணும். அட்டவணைப்படி நடக்குதுன்னு நான் எழுதிருவேன்."

"அல்லதுன்னு போட்டு எந்த ஸ்கூல்லயும் அட்டவணை கெடையாது, சார்."

"வேற எந்த ஸ்கூல்லயும் மூட்டம் உள்ள வந்து உக்காரல. ரசம் இருக்காம்மா?"

கடைசிக் கேள்வி எனக்கு. பாத்திரத்தோடு நீட்டிவிட்டேன்.

அவர் நல்லபடியாக எழுதுவார் என்று எங்களுக்குத் தெரியும். எழுதியதை மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே. மார்கழி போனது, தை போனது. கீழிருந்து மாமனார், மாடியில் ஒரு அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பதாகக் கடிதம் போட்டார். என் வீட்டுக்காரர் அதைப் படித்துக் காட்டிவிட்டுத் தும்மினார்.

மாசியில் ஒரு நாள் தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே சர்க்கார் முத்திரை. எல்லாம் இங்கிலீஷ். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். மைதானத்தில் நல்ல வெயில். சாயங்காலம் அவர் வரும்வரை அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலி இடுக்கில் நுழைந்தேன். வகுப்பு நடக்கும்போது நான் அந்தப் பக்கம் போனது அன்றைக்குத்தான்.

அவர் தரையில் மண்டியிட்டு ஒரு வெள்ளைத் தாளில் கண்ணாடி வழியாகச் சூரியனை விழவைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பிள்ளைகள். பள்ளங்கிப் பெண்தான் என்னைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னக்கா, வந்துருச்சா?"

ஊருக்கே தெரிந்த விஷயம். உறையை நீட்டினேன்.

"சார்ட்ட குடு தாயி."

"சூரியன் இருக்குற வரைக்கும் அவுகளுக்கு நம்ம யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டோம். பிரிக்கவா?"

நான் சரி என்று சொல்வதற்குள் பிரித்துவிட்டாள். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கை நிமிர்த்தி, அவர் மாதிரியே வாசித்தாள். வரிக்கு வரி நிறுத்தி, புரிந்ததா என்று என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன புரியும்? கடைசியில் தாளைக் கீழே இறக்கிவிட்டு அர்த்தம் சொன்னாள்.

"சார நிரந்தரம் பண்ணிட்டாக. இதே ஸ்கூலு. நீங்க கீழ போக வேணாம்."

"நல்லாப் பாத்தியா? தற்காலிகம்னு எங்கயும் போடலையே?"

"மறுக்காப் படிக்கவா?"

"படி."

மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். அதற்குள் இன்னும் நாலு பிள்ளைகள் வந்து என் தோளைச் சுற்றி நின்றுவிட்டார்கள். எங்கள் நிழல் மொத்தமும் அவருடைய வெள்ளைத் தாளின் மேல் போய் விழுந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.

"யாரது வெளிச்சத்த மறைக்கிறது? அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க."

தள்ளிப் போய் நின்றுகொண்டு, அந்தப் பெண்ணை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.